சதுரகிரிக்கு ஓர் ஆள் கணக்கு

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். தீப்பெட்டி, பீடி, செல்போன் எல்லாவற்றையும் வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பார்கள். நைலான் புடவை ஆகாது, பருத்திதான் கட்ட வேண்டும். வேலை நடக்கும் ஓர் அறைக்குள் நாலு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி இருக்க வேண்டும். வெளியே வாளியில் மணலும் தொட்டியில் தண்ணீரும் தயாராக இருக்க வேண்டும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத மூதாட்டியும் இந்த விதிகளை வரிசை தவறாமல் ஒப்பிப்பார்.

அதே குடும்பங்கள்தான் ஆடி அமாவாசைக்கு வேன் பிடித்துச் சதுரகிரி மலைக்கோயிலுக்குக் கிளம்புகின்றன. பையில் சூடம், மடியில் தீப்பெட்டி, ஆளுக்கு இரண்டு தண்ணீர் பாட்டில். மலையடிவாரத்துத் தாணிப்பாறை வாசலில் வனத்துறை ஊழியர் பையைத் திறக்கச் சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. "சாமி கும்பிட வந்த இடத்துல என்ன சோதனை?" என்று கேட்கிறோம். ஆலை வாசலில் தினமும் நடக்கும் சோதனையை ஒரு நாளும் இப்படிக் கேட்டதில்லை. அங்கே ஒருவர் செய்யும் தவறு பக்கத்து அறையில் இருப்பவரின் உயிரை எடுக்கும் என்பது நமக்குத் தெரியும். மலையிலும் கணக்கு அதேதான். அது இன்னும் நம் மனதில் பதியவில்லை, அவ்வளவுதான்.

சதுரகிரியைப் பற்றி நடக்கும் பேச்செல்லாம் பெரும்பாலும் உரிமைப் பேச்சாகவே இருக்கிறது. எத்தனை நாள் விடுவார்கள், எத்தனை மணிக்கு மூடுவார்கள், இரவு தங்க விடுவார்களா, மாட்டார்களா? வனத்துறை ஒரு பக்கம், பக்தர்கள் ஒரு பக்கம், இந்து சமய அறநிலையத் துறை நடுவில் என்று ஆண்டுக்கணக்கில் இழுபறி. வழக்குகள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போயிருக்கின்றன. இந்தச் சண்டையில் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. மலையேறும் பாதையில் இந்த நிமிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அவர்கள் அத்தனை பேரும் இறங்கிவிட்டார்களா? இதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு யாருடையது?

ஊரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிருஷ்ணன்கோவில் விலக்கில் திரும்பி வத்திராயிருப்பு வழியாக மேற்கே போனால், தென்னந்தோப்பும் மாந்தோப்பும் முடிகிற இடத்தில் தாணிப்பாறை. அங்கிருந்து வண்டி போகாது, நடைதான். வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், பிலாவடிக் கருப்பு என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, மூச்சிரைக்க ஏறிப் போனால் சுந்தரமகாலிங்கம் சன்னதி வரும். அதற்கும் மேலே சந்தனமகாலிங்கம். நல்ல கால் உள்ளவர்களுக்கே மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். சித்தர்கள் இன்றும் உலவுகிறார்கள் என்ற நம்பிக்கை இந்த மலைக்குத் தனிப் பெயரைக் கொடுத்திருக்கிறது. தலக்கதையோ மாடு மேய்ப்பவரின் கதை. பச்சைமால் என்ற இடையர், தன் பசுவின் மடியில் வாய் வைத்துப் பால் குடித்த துறவியைப் பிரம்பால் அடித்தாராம். அடி வாங்கியவர் சிவனே என்று பிறகுதான் தெரிந்ததாம். சுந்தரமகாலிங்கம் சற்றே சாய்ந்திருப்பதற்கு அடியார்கள் சொல்லும் காரணம் இது. காட்டில் எதிர்ப்படும் எதன் மீதும் யோசிக்காமல் கை ஓங்காதே என்று அந்தக் கதையை வாசிக்கவும் இடம் இருக்கிறது. ஆனால் கதையை நம் வசதிக்கு வளைப்பதாகச் சிலர் கோபித்துக்கொள்ளலாம்.

இனி நிர்வாகக் கூத்துக்கு வருவோம். பக்தர்களில் பெரும்பகுதியினர் ஏறத் தொடங்கும் தாணிப்பாறை விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. அவர்கள் போய்ச் சேரும் கோயிலோ மதுரை மாவட்டம், பேரையூர் வட்டம், சாப்டூர் பக்கத்தைச் சேர்ந்தது. சாப்டூர் வழியாகவும், தேனி மாவட்டத்து வருசநாட்டுப் பக்கமிருந்தும் தனித்தனிப் பாதைகள் உண்டு. காடு வனத்துறையின் கையில். கோயில் அறநிலையத் துறையின் கையில். அடிவாரக் கூட்டத்தைப் பார்ப்பது ஒரு மாவட்டக் காவல்துறை, மேலே நடப்பதைப் பார்ப்பது இன்னொரு மாவட்டக் காவல்துறை. ஓடையில் வெள்ளம் வந்தால் தீயணைப்புத் துறை. மாரடைப்பு என்றால் சுகாதாரத் துறை. இத்தனை துறைகள் இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றும் தன் எல்லைக்கோட்டோடு நின்றுவிடுவது இயல்பு. பெருநாட்களுக்கு முன்னால் ஆலோசனைக் கூட்டம் நடக்கிறது, பேருந்தும் குடிநீரும் ஏற்பாடாகின்றன. சாதாரண அமாவாசைக்கும் பிரதோஷத்துக்கும் அந்த அக்கறை இருப்பதில்லை.

காட்டின் கதைக்கு வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல்நிற அணில் சரணாலயம் 1988இல் அறிவிக்கப்பட்டது. மர உச்சிகளில் கூடு கட்டி, கிளைவிட்டுக் கிளை தாவியே வாழும் அந்தப் பெரிய அணில் இந்தியாவில் சில இடங்களில் மட்டுமே காணக் கிடைக்கிறது. 2021 பிப்ரவரியில் இந்தச் சரணாலயமும் மேகமலைச் சரணாலயமும் சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் ஆயின. இந்தியாவின் 51ஆவது புலிகள் காப்பகம், தமிழ்நாட்டின் ஐந்தாவது. பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். சதுரகிரிப் பாதையில் நடக்கிறவர், அறிந்தோ அறியாமலோ, யானையும் சிறுத்தையும் நடக்கும் இடத்தில்தான் நடக்கிறார்.

புலிக்காகக் கவலைப்படாதவர்கள் தண்ணீருக்காகவாவது கவலைப்பட வேண்டும். இந்த மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் இறங்கும் ஓடைகளும் ஆறுகளும்தான் வத்திராயிருப்புக் கண்மாய்களை நிரப்புகின்றன. பிளவக்கல் பெரியாறு அணை, கோவிலாறு அணை இரண்டும் இதே தொடரின் தண்ணீரைத் தேக்குபவை. பெரியாறும் கோவிலாறும் கூடி அர்ச்சுனா நதியாகி, ஆனைக்குட்டம் அணையைத் தொட்டு, இருக்கன்குடி மாரியம்மன் கோயில் அருகே வைப்பாற்றில் கலக்கின்றன. ஆனைக்குட்டத்துத் தண்ணீர் விருதுநகருக்குக் குடிநீர். கரிசல் காட்டில், மழையைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன ஊர்களுக்கு, மேற்கே தெரியும் அந்த நீல வரிசைதான் மேல்நிலைத் தொட்டி. அதன் ஓடையில் சோப்பு போட்டுக் குளித்து, நனைந்த வேட்டியைப் பாறையில் விட்டுவிட்டு, பாக்கெட்டுகளை வீசிவிட்டு வந்தால், அடுத்த மழை அவற்றையும் கீழே நம் பக்கம்தான் இழுத்து வரும்.

மலை எத்தனை வேகமாக முகம் மாறும் என்பதை 2015 மே மாதம் காட்டியது. வைகாசி அமாவாசையை ஒட்டித் திரண்ட கூட்டம். மேலே பெய்த கோடை மழை, ஓடையில் திடீர் வெள்ளமாக இறங்கியது. அடிவாரத்தில் நிற்பவருக்கு வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு மடிப்புக்கு அப்பால் வானம் கொட்டிக்கொண்டிருக்கலாம். பாறைச் சரிவில் பெய்யும் தண்ணீர் ஊறுவதில்லை, அப்படியே வழிந்து ஓடும். அன்று ஓடையைக் கடக்க முயன்றவர்களில் பலர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகும் மழை நாட்களில் கரையில் சிக்கியவர்களைத் தீயணைப்பு வீரர்கள் கயிறு கட்டி மீட்ட செய்திகள் வந்தபடியே இருக்கின்றன. இத்தகைய வெள்ளம் வந்த வேகத்திலேயே வடியக்கூடியது. சில மணி நேரம் பொறுத்திருந்தால் போதும். அந்தப் பொறுமைதான் நமக்குக் கிடைப்பதில்லை. கடைசிப் பேருந்து, காத்திருக்கும் வேன், மறுநாள் வேலை என்று மனம் விரட்டுகிறது.

தண்ணீரை விட்டால் நெருப்பு. தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கம் கொட்டும்போது இந்தக் கிழக்குச் சரிவு மழை மறைவில் காய்ந்து கிடக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? சதுரகிரியின் மிகப் பெரிய கூட்டம் கூடுகிற ஆடி அமாவாசை, புல் காய்ந்து காற்று வீசுகிற காலத்தில்தான் வருகிறது. 2023 ஜூலையில், அந்த விழாவை ஒட்டியே, மலையில் காட்டுத்தீ பற்றி பக்தர்களின் போக்குவரத்தை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. பக்கத்துத் தேனி மாவட்டத்தில் 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் நடந்தது யாருக்கும் மறந்திருக்காது. மலையேற்றம் போன இளைஞர்களும் பெண்களும் புல்வெளித் தீயில் சிக்கி, 20 பேருக்கும் மேல் மாண்டார்கள். சரிவில் தீ மேல்நோக்கித்தான் ஓடும். ஆள் ஓடுவதைவிட வேகமாக ஓடும். இதைத் திரியும் மருந்தும் கையாளும் ஊருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

கூட்டத்தின் கணக்கு தெரியாமல் போனால் என்னாகும் என்பதற்கு மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இன்னொரு சாட்சி உண்டு. 2011 ஜனவரி 14, மகரஜோதி நாள். சபரிமலைக்குப் போகும் காட்டுவழிகளில் ஒன்றான புல்லுமேட்டில் இருட்டில் நெரிசல் ஏற்பட்டு 102 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டுப் பக்தர்களும் அதில் இருந்தார்கள். சன்னிதானத்தில் எத்தனை காவலர்கள் நின்றாலும், ஒதுக்குப்புறமான பாதையில் எத்தனை பேர் என்று எண்ண ஆளில்லை என்றால் முடிவு அப்படித்தான்.

இரு தரப்பு வாதத்தையும் நேர்மையாக எடை போட வேண்டும். பக்தர்கள் தரப்பில் ஒரு வலுவான நியாயம் இருக்கிறது. சரணாலயச் சட்டம் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இந்தப் பாதையில் கால் பட்டிருக்கிறது. கோயிலுக்குப் போகிறவர்களைக் காட்டை அழிக்க வந்தவர்கள்போல் நடத்துவது முறையல்ல. இன்னொன்றும் சொல்கிறார்கள், அது இன்னும் கனமான வாதம். மாதத்தில் அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷங்களை ஒட்டி எட்டு நாள்தான் என்று வைத்திருந்த ஆண்டுகளில், முப்பது நாளில் பரவலாக வந்திருக்கக்கூடிய கூட்டம் அந்த எட்டு நாளில் நெருக்கியடித்தது. நாளைக் குறைத்தால் நெரிசல் கூடும். இதை வனத்துறை இலேசாகத் தள்ளிவிட முடியாது.

வனத்துறையின் தரப்பு சத்தமில்லாதது, ஆனால் உண்மையானது. மனிதர் நடமாட்டமில்லாத நாட்கள் விலங்குகளுக்குத் தேவை. இரவில் மலையில் தங்கும் கூட்டம் என்றால் அடுப்பு, விளக்கு, கழிப்பிடம், எச்சில் இலை எல்லாம் சேர்ந்து வரும். விரல் விட்டு எண்ணக்கூடிய ஊழியர்களை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்களைக் காட்டில் கண்காணிக்க முடியாது. மழை அறிகுறி தெரிந்தால் மூடுகிறார்கள். மூடினால் திட்டு. திறந்துவிட்டு யாராவது செத்தாலும் திட்டு.

நம் தீர்ப்பு இது. நாள் எட்டா முப்பதா என்று மல்லுக்கட்டுவது, கேள்வியைத் தவறான இடத்தில் வைப்பதாகும். பட்டாசு ஆலைக்கு உரிமம் கொடுக்கும்போது ஆண்டில் எத்தனை நாள் திறப்பாய் என்று கேட்பதில்லை. ஓர் அறையில் எத்தனை ஆள், எவ்வளவு மருந்து, வெளியேற எத்தனை வழி என்றுதான் கேட்கிறார்கள். நாக்பூரிலுள்ள மத்திய வெடிபொருள் துறை தரும் உரிமமோ, மாவட்ட அளவில் தரும் உரிமமோ, அடிப்படை அதுதான். சதுரகிரிக்கும் அப்படி ஓர் அளவு வேண்டும். ஒரு மணி நேரத்தில் இந்தப் பாதை எத்தனை பேரைத் தாங்கும் என்று முதலில் நிர்ணயிக்க வேண்டும். ஏறும்போது கையில் ஒரு வில்லை, இறங்கும்போது அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மாலையில் வில்லை குறைந்தால் ஆள் குறைகிறது என்று பொருள், தேடப் போக வேண்டும். தாணிப்பாறையில் மட்டும் எண்ணிப் பயனில்லை, சாப்டூர், வருசநாட்டுப் பாதைகளிலும் எண்ண வேண்டும். இந்தக் கணக்கு கையில் இருந்தால் தினமும் திறப்பதும் அச்சமில்லை. கணக்கு இல்லாமல் எட்டு நாள் திறப்பதே ஆபத்து.

அதோடு அடிவாரத்தில் ஒரே ஒரு கட்டுப்பாட்டு அறை, அதில் ஒரே ஒரு பொறுப்பு அலுவலர். இரண்டு மாவட்ட ஆட்சியர்களும் சேர்ந்து அதிகாரம் கொடுத்தவராக அவர் இருக்க வேண்டும். மேலே ஒரு மழைமானி, கீழே வரை பேசுகிற வயர்லெஸ். மேலே மழை என்றால் கீழே வாசல் மூடப்பட வேண்டும், அதற்கு எந்தத் துறையின் கோப்பும் எந்த மேசைக்கும் போய்க் காத்திருக்கக் கூடாது. கோயில் வருமானத்தில் ஒரு பங்கைப் பாதைக்கும், ஓடைகளைக் கடக்கும் இடங்களின் பாதுகாப்புக்கும், கழிப்பிடங்களுக்கும் என்று அறநிலையத் துறை ஒதுக்கினால் பக்தர் போட்ட காசு பக்தரின் உயிருக்கே போய்ச் சேரும். ரோப்கார் வேண்டும், சாலை வேண்டும் என்ற குரல்களும் அவ்வப்போது எழுகின்றன. புலிகள் காப்பகத்தின் நடுவில் சாலை போட்டால் கூட்டம் இன்னும் பெருகும், காடு இரண்டாகப் பிளக்கும். அதற்கு நம் ஆதரவு இல்லை.

அரசைச் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. இந்த வட்டாரம் இன்னொரு பாடத்தையும் ரத்தம் சிந்திக் கற்றிருக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே அல்லர். முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். அளவுக்கு மீறிய ஆள், அளவுக்கு மீறிய மருந்து என்பவை பின்னால் எழுந்த குற்றச்சாட்டுகள். விதிப் பலகை எல்லா ஆலையிலும் தொங்குகிறது. உள்குத்தகைக்கு விட்ட இடத்திலும், மரத்தடியில் வைத்துச் செய்கிற வேலையிலும்தான் விதி காணாமல் போகிறது. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ஆய்வு, உரிமம் ரத்து, நிவாரணம், பிறகு பழைய கதை. ஆகவே ஆலை ஒழுங்கை மலைக்குக் கொண்டுபோவோம் என்று சொல்லும்போது, பலகையில் எழுதிய ஒழுங்கை நாம் சொல்லவில்லை. நல்ல ஃபோர்மேன் ஒருவர் நின்று, "அஞ்சாவது ஆள் வெளியே போ" என்று முகத்துக்கு நேரே சொல்கிற ஒழுங்கைத்தான் சொல்கிறோம்.

அந்த ஃபோர்மேன் ஒவ்வொரு வேனிலும் இருக்க முடியும். இருபது பேர் சேர்ந்து கிளம்பினால் அவர்களில் ஒருவர் பொறுப்பாளர். ஏறும் முன் தலை எண்ணுவது, நெஞ்சுவலி, மூச்சிரைப்பு உள்ளவர்களை அடிவாரத்திலேயே நிறுத்துவது, இறங்கிய பின் மறுபடி எண்ணுவது அவர் வேலை. மலைப்பாதையில் மூச்சுத் திணறியும் மாரடைப்பு வந்தும் இறந்தவர்கள் பற்றிய செய்தி அடிக்கடி வருகிறது. விரதத்தோடு, வெறும் வயிற்றில், வெயில் ஏறிய பிறகு மலையேறத் தொடங்கும் முதியவரைத் தடுத்து நிறுத்த மகனுக்கு மனம் வராது. வேனின் பொறுப்பாளருக்கு வர வேண்டும்.

சூடத்தைப் பற்றிப் பேசாமல் தீயைப் பற்றிப் பேச முடியாது. வழியில் தெரியும் ஒவ்வொரு பாறைக்கும், ஒவ்வொரு மரத்தடிச் சாமிக்கும் சூடம் ஏற்றுவது நம் பழக்கம். அதன் பக்தியை யாரும் குறைசொல்லவில்லை. ஆனால் சருகு கிடக்கும் வேரடியில் வைத்த சூடம் அணைந்துவிட்டது என்று நினைத்து நாலு அடி நடந்தபின் காற்று அதை என்ன செய்தது என்பதை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? சன்னதியில், அர்ச்சகர் கையில் இருக்கும் தட்டில் மட்டும் ஒளி இருக்கட்டும். மற்ற இடங்களில் கைகூப்பினால் போதும். இதைச் சொல்ல வேண்டியவர்கள் வனத்துறையினர் அல்லர். அவர்கள் சொன்னால் தடை ஆகிவிடும். பூசாரிகளும், அடியார் கூட்டங்களின் தலைவர்களும், குருசாமிகளும் சொன்னால் முறை ஆகிவிடும்.

மூலிகை மோகமும் அப்படித்தான். சித்தர் மலை என்றதும் கண்ணில் பட்ட செடியையெல்லாம் வேரோடு பிடுங்கிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்திலிருந்து எதையும் அனுமதியின்றி எடுத்துவர முடியாது. சட்டத்தைவிட, பெயர் தெரியாத வேரை அரைத்துக் குடிப்பதில் இருக்கும் உயிராபத்தையாவது நினைக்கலாம்.

இந்த மலையை உண்மையில் அறிந்தவர்கள் தாணிப்பாறை ராம்நகரில் இருக்கும் பளியர்கள். தேனெடுத்தும் கிழங்கு தோண்டியும் இந்தக் காட்டை அடிஅடியாகத் தெரிந்தவர்கள். எந்த ஓடை எப்போது பெருகும், எந்த மேட்டில் யானை நிற்கும் என்பதை எந்த அதிகாரியைவிடவும் முன்னதாக அறிவார்கள். பெருநாட்களில் சுமை தூக்கவும் டோலி கட்டவும் அவர்களை அழைக்கிறோம். வழிகாட்டிகளாகவும் வெள்ளக் காவலர்களாகவும் தீக் காவலர்களாகவும் ஆண்டு முழுவதும், ஒழுங்கான சம்பளத்தில் ஏன் அமர்த்தக் கூடாது? 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டைக் காக்கும் உரிமையையும் காட்டு மக்களுக்குத் தருகிறது. கோயிலுக்கும் காட்டுக்கும் இடையே நடக்கும் பஞ்சாயத்தில் அவர்களுக்கு இதுவரை ஒரு நாற்காலி போடாதது நம் எல்லோருடைய குறை.

தொழில் வட்டாரம் என்ன செய்யலாம்? பணம் கேட்பது எளிது, அதைவிடப் பயனுள்ள இரண்டு உண்டு. தீயைக் கையாளப் பயிற்சி பெற்ற ஃபோர்மேன்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். ஆலைகளின் சங்கங்கள் அவர்களில் சிலரை ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை, சிவராத்திரி நாட்களில் தொண்டர்களாக மலைக்கு அனுப்பலாம். இரண்டாவது, அச்சகங்கள். இந்தியாவில் சுவரில் தொங்கும் காலண்டர்களில் பெரும் பங்கு சிவகாசியில் அச்சாகிறது. அமாவாசை எப்போது, பிரதோஷம் எப்போது என்று தமிழன் பார்ப்பதே நம் ஊரில் அச்சடித்த தினத்தாளைத்தான். அந்த அமாவாசைத் தாளின் அடியில் இரண்டு வரி போதும்: சதுரகிரிக்குப் போகிறவர்கள் தீப்பெட்டி, பிளாஸ்டிக் கொண்டுபோக வேண்டாம், மழை என்றால் ஓடையைக் கடக்க வேண்டாம். எந்த அரசு விளம்பரமும் இவ்வளவு வீட்டுக்குள் நுழையாது. முதலாளிகளுக்குச் செலவு என்று சொல்லும்படி ஒன்றும் ஆகாது.

அன்னதானம் செய்கிறவர்களுக்கும் ஒரு சொல். மலைமேல் தனியார் மடங்கள் பல காலம் பசித்தவர்களுக்குச் சோறு போட்டன. பிறகு அவற்றுக்குத் தடை வந்து, கோயில் நிர்வாகம் அன்னதானத்தை ஏற்றது. அந்த மாற்றத்தில் மனக்கசப்பு இன்றும் இருக்கிறது. மடங்களின் தொண்டு பெரிது, அதை மறுப்பது நன்றிகெட்டதனம். ஆனால் காட்டுக்குள் விறகடுப்பும் எச்சில் குவியலும் தொடர முடியாது என்பதும் உண்மை. தருமம் செய்ய விரும்புகிறவர்களுக்கு வத்திராயிருப்பு முதல் தாணிப்பாறை வரை இடமா இல்லை? அங்கே வாழை இலையில் சோறும், எவர்சில்வர் டம்ளரில் மோரும் கொடுக்கட்டும். தண்ணீர் பாக்கெட்டும் பிளாஸ்டிக் கப்பும் வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கமும் வந்தது. நீலகிரியில் மது பாட்டிலுக்குக் கூடுதலாகப் பத்து ரூபாய் வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தக் காசைத் தருகிற முறை நீதிமன்றம் தலையிட்ட பிறகு நடைமுறைக்கு வந்திருக்கிறது. குடிகாரர்கள் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போது சிவனடியார்கள் கொடுக்க மாட்டார்களா?

காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலிலும், கோவை வெள்ளியங்கிரியிலும் இதே வழக்கு வேறு வேறு பெயரில் நடந்துகொண்டிருக்கிறது. களக்காடு – முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் ஆடி அமாவாசைக்குக் கூடும் கூட்டமும், கோடையை ஒட்டிச் சில மாதங்களே திறக்கும் வெள்ளியங்கிரிப் பாதையும் ஒரே சிக்கலைத்தான் காட்டுகின்றன. எங்கும் முழுமையான தீர்வு கிடைத்துவிடவில்லை. விருதுநகர் மாவட்டம் முந்திக்கொண்டு ஒன்றைச் செய்து காட்டினால் மற்றவர்கள் இங்கே வந்து பார்ப்பார்கள்.

இரண்டு மாவட்ட ஆட்சியர்களும் வனத்துறையும் அறநிலையத் துறையும் பளியர்களையும் அடியார்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, அடுத்த பெருவிழாவுக்கு முன் ஆள் கணக்கு முறையை எழுதி வெளியிட வேண்டும். அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த அமாவாசைக்கு வேன் பேசும்போதே உங்கள் பொறுப்பாளரைத் தேர்ந்தெடுங்கள். ஓடைத் தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் அடித்து வரத் தொடங்கினால் நிற்கும் கரையிலேயே மேடான இடத்தில் உட்காருங்கள், அக்கரையில் இருப்பவர்களைக் கூப்பிடாதீர்கள். மேலே மழை, வாசல் மூடப்பட்டது என்று தாணிப்பாறையில் சொன்னால் வாதாட வேண்டாம். அடிவாரத்தில் நின்றே மலையைக் கும்பிட்டுவிட்டு வீடு திரும்புங்கள்.